அக்னி வலம் வராத கல்யாணம் செல்லுமா? காரைக்குடியிலிருந்து 7ஏ பிரிவு வரை

2024 மே மாதத் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. உரிய சடங்கு எதுவும் நடத்தாமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் அது இந்துத் திருமணம் ஆகாது என்பது அதன் சாரம். பலருக்கு அது “ஏழடி எடுத்து வைக்காத கல்யாணம் செல்லாது” என்றே போய்ச் சேர்ந்தது. மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி, ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். “அப்போ எங்க கல்யாணம்?” என்று அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

நேரடியான பதில்: செல்லும். தமிழ்நாட்டில் அதற்கென்றே ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு ஏன் வந்தது என்று தெரியாவிட்டால், அடுத்த தீர்ப்பு வரும்போது இதே பயம் திரும்ப வரும். அந்தக் கதையில் செட்டிநாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு. அதில் வரும் பெண்களில் சிலரை அரசு விண்ணப்பப் படிவத்தில் திட்டத்தின் பெயராக மட்டும்தான் இன்று பலருக்கும் தெரியும்.

அடிப்படை: சட்டத்தின் கண்ணில் கல்யாணம் எப்போது முடிகிறது?

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. பிரிவு 7: மணமகன், மணமகள் இருவரில் ஒருவர் தரப்பின் வழக்கப்படியான சடங்கு நடக்க வேண்டும். அந்த வழக்கத்தில் சப்தபதி, அதாவது அக்னி முன்னால் ஏழடி எடுத்து வைப்பது, இருந்தால் ஏழாவது அடியோடு கல்யாணம் முழுமை பெறுகிறது. “இருந்தால்” என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா இந்துவுக்கும் சப்தபதி கட்டாயம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

2. பிரிவு 8: பதிவு. இது நடந்த கல்யாணத்துக்கான ஆதாரம். நடக்காத கல்யாணத்தைப் பதிவு உண்டாக்கிவிடாது. 2024 தீர்ப்பு சொன்னது இதைத்தான். அந்த வழக்கில் இருவரும் எந்தச் சடங்கும் செய்யாமலேயே ஒரு அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிப் பதிவும் செய்திருந்தார்கள். கல்யாணம் நடந்தது உத்தரப்பிரதேசப் பதிவேட்டில் மட்டும்தான்.

3. பிரிவு 7ஏ: தமிழ்நாடு தனியாகச் சேர்த்துக்கொண்ட திருத்தம். சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்று நாம் சொல்பவை இதற்குள் வருகின்றன. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், கீழே உள்ள மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும்: ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது விரலில் மோதிரம் போடுவது, தாலி கட்டுவது.

2024 வழக்கு 7ஏ பற்றியதே அல்ல. அதனால் அந்தத் தீர்ப்பு 7ஏ-யைத் தொடவும் இல்லை. செய்தியால் வந்த குழப்பம் இவ்வளவுதான். இனி 7ஏ எதற்கு வந்தது என்று பார்க்கலாம்.

செட்டிநாட்டில் ஒரு கல்யாணத்தை அங்கீகரிப்பது யார்?

காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டின் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், சமூகத்தில் கல்யாணம் என்பது வெறும் சடங்காக இருந்ததில்லை. அது ஒரு கணக்கு, ஒரு ஆவணம். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவில்கள். ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணத்துக்கு அந்தக் கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். கோவில் மாலை வந்தால், ஊரறிய, கோவிலறிய அது கல்யாணம். இரு வீட்டாரும் கையெழுத்திடும் இசைகுடிமானம் என்ற ஓலையும் உண்டு. அரசாங்கம் கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே இவர்கள் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்ததும் அந்தத் தம்பதி ஒரு “புள்ளி” ஆகிறது. கோவில் வரி, ஊர்ப் பொதுக் காரியம் எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். கணவனோ மனைவியோ இறந்துபோனால் மிஞ்சியவர் அரைப் புள்ளி. வரிக் கணக்கில் இது ஆண், பெண் இருவருக்கும் பொதுதான். ஆனால் மனைவியை இழந்தவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு முழுப் புள்ளி ஆகிவிடலாம். கணவனை இழந்தவள் வெள்ளைச் சீலையோடு கடைசிவரை அரைப் புள்ளிதான்.

இதில் பணமும் இருக்கிறது. பர்மா, மலாயா, இலங்கை என்று லேவாதேவி நடத்திய பெட்டிகளில் முதல் பணம், மேம்பணம் என்று போட்ட பணத்துக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று “ஆச்சிமார் பணம்”. பெண் வீட்டிலிருந்து வந்த சீதனத்தை வட்டிக்கு விட்டு வளர்த்த பணம். ஆக, பெண்களிடம் பணமே இல்லை என்பது செட்டிநாட்டு நிலைமை அல்ல. கணவன் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன வருடங்களில் வீட்டையும் வரவு செலவையும் கட்டி ஆண்டது அந்த வீட்டுப் பெண்ணான ஆச்சிதான். அப்படிப்பட்ட வீட்டில் இருபது வயதில் கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொண்டால் என்ன ஆகும்? குடும்ப மானம் போய்விடும் என்று வெளியே சொல்வார்கள். பணம் எந்த வீட்டுக்குப் போகும் என்ற கேள்வி உள்ளே ஓடும். இரண்டாவது காரணம்தான் வலுவானது என்பது என் கணிப்பு.

விதவை மறுமணம்: சட்டம் இருந்தும் நடக்காதது ஏன்?

விதவை மறுமணம் 1856-லேயே சட்டப்படி ஆகிவிட்டது. பள்ளிப் பாடப் புத்தகம் அதோடு நின்றுவிடும். அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. மறுமணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமை, அன்றைக்கே அவள் இறந்துபோனதைப் போல முடிந்துவிடும் என்கிறது அது. உரிமையைக் கொடுத்த சட்டமே அதற்கு ஒரு விலையையும் எழுதி வைத்தது.

ஏழைக்கு இந்த விலை பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். சொத்துள்ள வீட்டில் இது கதவைப் பூட்டிய பூட்டு. 1937-இன் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்கு மகனுக்கு நிகரான பங்கைக் கொடுத்தது. ஆனால் ஆயுள் வரை அனுபவிக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது. 1956-இன் வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அது முழு உரிமையாயிற்று.

கணவனை இழந்த பெண்கள் இவ்வளவு பேர் எப்படி? குழந்தை மணம்தான் பெரிய காரணம். பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 18 வயது என்று வரம்பு வைத்த சாரதா சட்டம் 1930 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் கணவன் முகம் சரியாக நினைவில்லாமலே கைம்பெண் ஆனவர்கள் உண்டு.

இந்தப் பின்னணியில்தான் காரைக்குடியிலிருந்து “மாதர் மறுமணம்” என்ற பத்திரிகை 1936-இல் வெளிவந்தது. ஆசிரியர் மரகதவல்லி. விதவை மறுமணத்துக்காகவே தொடங்கிய சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஒரு பத்திரிகை, அதற்குப் பெண் ஆசிரியர். இது நடந்தது சென்னையில் அல்ல, சொத்தும் சாதிக் கட்டும் இறுகிக் கிடந்த ஊரில். மரகதவல்லியின் கணவர் சொ. முருகப்பா, “குமரன்” இதழை நடத்திய சீர்திருத்தக்காரர். அவரைப் பற்றி இன்றும் கொஞ்சம் பேசுகிறார்கள். மரகதவல்லியைப் பற்றிப் பேசுவது குறைவு. பத்திரிகையின் தலைப்பையே “மறுமணம்” என்று வைப்பதற்கு அன்றைக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதைக் காரைக்குடி வீதிகளை அறிந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம். தபால்காரர் கையில் அந்த இதழ் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தாலே தெருவுக்குச் செய்தி.

ஏன் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ளவில்லை?

நியாயமான கேள்வி. சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கு 1872 முதலே ஒரு சட்டம் இருந்தது. சிக்கல் அதன் நிபந்தனைகளில்.

1. 1923 வரை: அந்தச் சட்டப்படி மணப்பவர்கள் “நான் இந்து மதத்தைச் சேர்ந்தவன் அல்ல” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கிறிஸ்தவம், இஸ்லாம் முதலான மற்ற மதங்களுக்கும் அப்படித்தான். மதம் எதுவும் இல்லை என்று சொன்னால்தான் கல்யாணம்.

2. 1923 திருத்தத்துக்குப் பிறகு: இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் மதத்தைத் துறக்காமலே தங்களுக்குள் மணந்துகொள்ளலாம். ஆனால் மணந்த அன்றே கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாக ஆகும். தத்தெடுக்கும் உரிமை கிடையாது. வேறு மகன் இல்லாத தகப்பன், இப்படி மணந்த மகன் உயிரோடு இருக்கும்போதே வேறு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று தலைமுறை ஒரே முதலில் தொழில் நடத்தும் ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது நிபந்தனை என்ன சொல்கிறது? கல்யாணம் செய்துகொள், கணக்கை முடித்துக்கொண்டு வெளியே போ என்கிறது. பிள்ளையில்லாத வீடுகளில் சுவீகாரம் மிகச் சாதாரணமாக நடக்கும் சமூகத்தில், தகப்பன் வேறு பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம் என்பது வெறும் மிரட்டலும் அல்ல.

முதல் நிபந்தனையின் காலத்தில் அந்தச் சட்டப்படியே மணந்த ஒரு பெண் செட்டிநாட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான்: 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் அவருக்கு இடம் கொடுக்க மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதி தேவைப்பட்டது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைச் சடங்கில்லாமல் மணந்தார். தந்தையும் தாயும் வேறு வேறு சாதி, தாயின் குலத்துக்குப் பொட்டுக்கட்டும் பழக்கத்தின், அதாவது பெண்ணைத் தெய்வத்துக்கு மணமுடித்துக் கோவிலுக்கு விடும் தேவதாசி முறையின், நிழல். கல்யாணச் சட்டம் எங்கே கடிக்கும் என்பதை அவர் வீட்டிலேயே பார்த்தவர்.

பொட்டுக்கட்டு ஒழிப்பும் ஒரு திருமணச் சட்டம்தான்

முத்துலட்சுமி 1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, விரைவில் அதன் துணைத் தலைவரும் ஆனார். அவர் சாதனையாக எல்லோரும் சொல்வது தேவதாசி முறை ஒழிப்பு. அது ஒரே நாளில் நடந்ததல்ல, இரண்டு படிகள்.

முதல் படி நிலம். கோவில் சேவைக்காகக் கொடுத்த இனாம் நிலம் கையில் இருக்க வேண்டுமானால் மகளையும் பொட்டுக்கட்ட வேண்டும். 1929-இல் அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் பெண்ணுக்கே. சொத்து போய்விடும் என்ற பயத்தை எடுத்துவிட்டால் பழக்கம் தானே தளரும் என்பது கணக்கு. இதைச் சரியான இடத்தில் வைத்த கை என்றே சொல்வேன்.

இரண்டாவது படி தடை. அதற்கு 18 வருடம் ஆயிற்று. காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி 1930-இல் மேலவையிலிருந்து விலகிவிட்டார். மசோதா இழுத்தடிக்கப்பட்டு 1947-இல்தான் சட்டமானது. அந்தச் சட்டம் பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கியதோடு நிற்கவில்லை. பொட்டுக்கட்டிய பெண்ணும் செல்லத்தக்க கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றும் எழுதியது. ஏன் எழுத வேண்டும்? “தெய்வத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்” என்ற காரணத்தைச் சொல்லி அவள் கல்யாணத்தை யாரும் நீதிமன்றத்தில் செல்லாததாக்கிவிடக் கூடாது என்பதற்காக.

சட்டமன்றத்துக்கு உள்ளே முத்துலட்சுமி என்றால், வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவரே அந்தக் குலத்தில் பிறந்து அதை எதிர்த்து வெளியே வந்தவர். 1883-இல் பிறந்தவர். காங்கிரஸ், சுயமரியாதை இயக்கம், பிறகு தி.மு.க. என்று மேடைகள் மாறின. பொட்டுக்கட்டுக்கு எதிரான பேச்சு மாறவில்லை. 1938-இல் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் போன பெண் அவர். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

தெய்வானை ஆச்சி வழக்கு: செட்டிநாட்டுச் சொத்து, தமிழ்நாட்டுச் சட்டம்

புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்லப்படுவது 1928-இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்தது. அன்றைக்கு அதுவும் காரைக்குடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு விதவை மறுமணத்தையும் பெண்களுக்குச் சொத்துரிமையையும் தீர்மானமாகப் போட்டது. அதே வருடக் கடைசியில் ஈரோட்டில் இயக்கத்தைச் சேர்ந்த குஞ்சிதம், குருசாமி இருவரின் கலப்பு மணம். அப்புறம் ஊர் ஊராக நடந்தது. மாலை மாற்றினார்கள், தலைவர்கள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பேசினார்கள், சாப்பாடு போட்டார்கள். நீதிமன்றத்தில் இது நிற்குமா என்று அந்த நேரத்தில் பெரிதாக யாரும் கேட்கவில்லை. கணவன் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

சொத்துப் பிரிக்க வேண்டிய நாள் வந்ததும் கேள்வி வந்தது. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில், 1934-இல் சுயமரியாதை முறையில் நடந்த ஒரு கல்யாணம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 1953-இல் தீர்ப்பு. நீதிபதிகளின் வாதம் சுருக்கமாக இதுதான்:

1. இந்துத் திருமணம் செல்ல வேண்டுமானால் சாத்திரச் சடங்கு நடந்திருக்க வேண்டும், அல்லது அந்தச் சமூகத்தின் வழக்கம் அதை ஏற்றிருக்க வேண்டும்.

2. இங்கே சாத்திரச் சடங்கு நடக்கவில்லை. அதைத் தவிர்க்கத்தான் அப்படி மணந்தார்கள்.

3. வழக்கம் என்றால் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வந்திருக்க வேண்டும். சில வருடங்களாக ஒரு இயக்கத்தார் செய்து வருவது வழக்கம் ஆகாது.

4. புது முறை ஒன்றைச் செல்லத்தக்கதாக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்குத்தான் உண்டு. ஒரு குழு தனக்குத் தானே சட்டம் செய்துகொள்ள முடியாது.

ஆகவே கல்யாணம் செல்லாது. மனைவியாக வாழ்ந்தவர் சட்டத்தின் முன் மனைவி இல்லை.

தீர்ப்பைத் திட்டுவது சுலபம். மூன்றாவது காரணத்தில் ஒரு வட்டம் இருக்கிறது என்பது உண்மை: எந்த வழக்கமும் முதல் நாளில் புதிதுதான், புதிது செல்லாது என்றால் எதுவும் பழசாக முடியாது. ஆனால் நான்காவது காரணம் வழியையும் காட்டியது. சட்டமன்றத்துக்குப் போ என்றது.

இந்தத் தீர்ப்பின் அடி யார் மேல் விழுந்தது என்று பார்க்க வேண்டும். கல்யாணம் செல்லாது என்றால் ஆணுக்குப் போவது குறைவு. அவன் சொத்து அவனுக்கு, பரம்பரைப் பங்கு அவனுக்கு. பெண்ணுக்கு விதவைப் பங்கு போகிறது. பிள்ளைகளின் வாரிசுரிமை ஆடுகிறது. மேடையில் கைதட்டல் இருவருக்கும், நீதிமன்றத்தில் நஷ்டம் ஒருத்திக்கு. இயக்கம் பெண்ணுக்காகக் கொண்டுவந்த முறை, சட்டப் பாதுகாப்பில்லாமல் பெண்ணையே அம்போ என்று விட்டது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1967: ஓட்டையை அடைத்த விதம்

1967-இல் அண்ணாதுரை ஆட்சி வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று இந்து திருமணச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 7ஏ பிரிவு இதுதான்.

இதில் முக்கியமானது முன்தேதி. இனிமேல் நடப்பவை மட்டுமல்ல, ஏற்கெனவே இந்த முறையில் நடந்த கல்யாணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும். அவற்றில் பிறந்த பிள்ளைகளும் முறைப்படி பிறந்தவர்களே. இடையில் அந்தக் கல்யாணம் முறிந்திருந்தாலோ, அந்தப் பெண் வேறொருவரைச் சட்டப்படி மணந்திருந்தாலோ மட்டும் விலக்கு. நாற்பது வருடமாக ஊர் ஊராக நடந்த கல்யாணங்களில் வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் சட்டப்படி மனைவி ஆனார்கள். இதற்காகத் திரும்ப மாலை மாற்ற வேண்டியதில்லை, எங்கும் போய் எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

அதன் பிறகு வந்த மூன்று தீர்ப்புகள்

2001: இரண்டாவது கல்யாணம் செய்துகொண்ட கணவன் மீது முதல் மனைவி தொடுத்த வழக்கு. “இரண்டாவது கல்யாணத்தில் சப்தபதி நடக்கவில்லை, எனவே அது கல்யாணமே இல்லை, எனவே நான் குற்றவாளி இல்லை” என்பது அவர் தரப்பு. கீழ் நீதிமன்றத்தில் இது எடுபட்டது. உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை: 7ஏ-படி தாலி கட்டினாலே போதும், அதனால் அது கல்யாணம்தான், இருதார மணக் குற்றமும்தான். புரோகிதரை மறுத்தவர்களுக்காக வந்த பிரிவு, சடங்கைக் காட்டித் தப்பிக்கப் பார்த்த கணவனைப் பிடித்துக் கொடுத்தது. 1967-இல் யாரும் இந்தப் பயனை நினைத்திருக்க மாட்டார்கள்.

2014: வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் கல்யாணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம். கல்யாணம் என்றால் ஊரறிய நடக்க வேண்டும் என்ற பார்வை.

2023 ஆகஸ்ட்: உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பிரிவு 7ஏ பொது அறிவிப்பைக் கேட்கவில்லை. வழக்கறிஞர் தன் தனிப்பட்ட நிலையில் நண்பராக, சாட்சியாக நிற்கலாம். வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து மணக்கும் இருவரை ஊரைக் கூட்டச் சொன்னால் அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பது காரணம். சாதி மீறிய காதல் என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்த தமிழ்நாட்டில் இந்தக் காரணத்துக்கு விளக்கம் தேவையில்லை.

அடிக்கடி வரும் குழப்பங்கள்

1. “பதிவு செய்யாவிட்டால் சுயமரியாதைத் திருமணம் செல்லாதா?” கல்யாணம் செல்லும். ஆனால் 2009-இன் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தாரும், எல்லா வகைத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவர்கள் சொத்து, ஓய்வூதியம், பாஸ்போர்ட் என்று வரும்போது சாட்சிக்கும் போட்டோவுக்கும் அலைய நேரிடும்.

2. “இருவரும் வேறு மதம் என்றால்?” 7ஏ பொருந்தாது, அது இரு இந்துக்களுக்கு இடையில் மட்டும் (சட்டத்தின் பார்வையில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இதற்குள் வருவார்கள்). வேறு மதத்தவருக்கு 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் அறிவிப்பு அதில் கட்டாயம். வீட்டுக்குத் தெரியாமல் மணக்க நினைப்பவர்களுக்கு அந்த அறிவிப்புப் பலகைதான் பெரிய தொல்லை.

3. “சிறப்புச் சட்டப்படி மணந்தால் கூட்டுக் குடும்பப் பங்கு போய்விடுமா?” இருவரும் இந்து என்றால் போகாது, 1976 திருத்தம் அந்தப் பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. 1989 முதல் தமிழ்நாட்டிலும் 2005 முதல் நாடு முழுக்கவும் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் மகனைப் போலவே பங்கு உண்டு. இந்தத் தேதிகளையும் பிரிவினை நடந்த நாளையும் வைத்துத்தான் பங்கு தீர்மானமாகும் என்பதால், பழைய பாகப்பத்திரம் இருக்கும் வீடுகளில் அதை எடுத்துப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

4. “சட்டம் மனைவி என்றால் கோவிலில் புள்ளி உண்டா?” இரண்டும் வேறு கணக்கு. 7ஏ கொடுப்பது வாரிசுரிமை, ஜீவனாம்சம், ஓய்வூதியம். புள்ளி சமூக வழக்கத்தைச் சேர்ந்தது. சாதி மாறி மணந்தவர்களுக்கு அங்கே வழக்கமாக இடமில்லை. செட்டிநாட்டில் பல குடும்பங்களுக்கு உறுத்துவது சட்டத்தை விட இதுதான்.

படிவத்தில் இருக்கும் பெயர்கள்

தமிழ்நாட்டின் திருமண உதவித் திட்டங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால் மேலே சொன்ன கதை முழுக்க அதில் இருக்கிறது. கலப்பு மணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டம். ஏழை விதவையின் மகள் கல்யாணத்துக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திட்டம். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம். இது 2022-இல் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஆனது. விதவை மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம். தர்மாம்பாள் சித்த மருத்துவர், 1938 இந்தி எதிர்ப்பில் சிறை போனவர். மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள சம்பளம் தமிழாசிரியர்களுக்கும் வேண்டும் என்று “இழவு வாரம்” அறிவித்துப் போராடியவரும் அவர்தான்.

காரைக்குடியில் மறுமணத்துக்குப் பத்திரிகையே நடத்திய மரகதவல்லி பெயரில் இப்படி ஒரு திட்டம் இல்லை. பெயர் உள்ளவர்களும் படிவத்தின் தலைப்பில் ஒரு வரிதான்; விண்ணப்பிக்கிறவர் வயதுச் சான்று, வருமானச் சான்று, அழைப்பிதழ் என்று கீழே உள்ள கட்டங்களைத்தான் பார்ப்பார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உதவித்தொகையோடு இந்தத் திட்டங்கள் தருவது தாலிக்குத் தங்கம். 2016-இல் அதை 4 கிராமிலிருந்து 8 கிராமாக உயர்த்தினார்கள். தாலி இல்லாமலும் கல்யாணம் செல்லும் என்று சட்டம் வாங்கிக் கொடுத்த இயக்கத்துப் பெண்களின் பெயரில், அரசே தாலி செய்யத் தங்கம் கொடுத்தது. வாங்கிய பெண்களில் யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சட்டப்படி 8 கிராமும் அவளுடைய சீதனம். கணவனுக்கோ மாமியாருக்கோ அதில் உரிமை கிடையாது. பிரச்சினை என்று வரும் நாளில் ஆச்சிமார் பணத்தைப் போல அதுவும் அவள் பெயரில்தான் நிற்கும்.